கூட்டமும் முடிச்சவிழ்க்கியும்

கார்த்திகைத் தீபத் திருநாளன்று, அந்தி சாயும் ஆறு மணி வேளையில், திருவண்ணாமலைக் கோயிலுக்குள்ளே அர்த்தநாரீசுவரர் சில நிமிஷங்கள் மட்டும் வெளிப்போந்து காட்சி தந்து மறைய, அதே சமயத்தில் 2,668 அடி உயரமுள்ள மலையின் உச்சியிலே கொப்பரையில் சுடர் எழ, லட்சக்கணக்கான ஜனங்கள் ஒரே குரலாய் ‘அரோகரா’ என்று முழங்கி, இரு கைகளையும் சிரத்துக்கு மேலே குவித்து, கண்களை மலைமேல் நிறுத்தி மெய்ம்மறந்து நிற்கிறார்கள். தெள்ளார், தேசூர், வந்தவாசிப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து, பட்டுப் புடைவை உடுத்தி, பெட்டியிலிருந்த நகையை எடுத்துப் பூண்டு, பிள்ளைகுட்டிகளுடன் பஸ் ஏறி வந்த குடும்பங்களும் அந்தக் கூட்டத்தில் கலந்திருக்கும். அத்தனை பேரிலும் மலையைப் பாராதவர்கள் இரண்டு வகையினர்தாம். ஒருவன் பக்கத்தில் நிற்பவரின் இடுப்பையும் கழுத்தையும் பார்க்கிறான். மற்றவர் மஃப்டியில் நிற்கும் போலீஸ்காரர், அவனைப் பார்க்கிறார்.

கூட்டம் இருந்தால் திருட்டு இருக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆனால் எல்லாக் கூட்டமும் திருடனுக்கு அனுகூலமானதன்று. வாரச் சந்தையிலும் ஜனம் நெரிகிறது. அங்கே ஒவ்வொருவர் மனமும் ஒவ்வொரு பக்கம் போவதோடு, பேரம் பேசுகிறவர் ஒவ்வொருவரும் தம் பணத்தைப் பற்றிய நினைவோடேயே இருப்பதால், மடியில் வேற்றுக் கை பட்டால் உடனே தெரிந்துவிடும். திருடனுக்கு வேண்டியது, பக்தியாலோ வேடிக்கையாலோ பயத்தாலோ ஆயிரம் பேர் மனமும் ஒன்றாகிக் குவிந்து, உடம்பை உடையவரே மறந்துபோகிற கூட்டம். இதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். சிலப்பதிகாரத்துப் பொற்கொல்லன், கோவலனைக் கள்வனென்று காவலரிடம் ஸ்தாபிப்பதற்காகக் களவு நூலின் சாரத்தை எடுத்து விரிக்கிறான். கள்வர்க்குத் துணையாவன என்று அவன் அடுக்கும் எட்டில் மந்திரமும் மருந்தும் தெய்வமும் முன்னே வந்தாலும், இடமும் காலமும் தனித்தனியே எண்ணப்பட்டிருக்கின்றன. மற்றவை காலத்தோடு போயின. இந்த இரண்டும் மட்டும் இன்றைக்கும் அந்தத் தொழிலின் முதலாக நிற்கின்றன.

மேலே சொன்ன ஊர்களில் தெள்ளாற்றுக்குச் சரித்திரத்தில் வாய்த்த கீர்த்தி, பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் அங்கே பாண்டியனை வென்று ‘தெள்ளாறெறிந்த’ என்னும் விருதைத் தன் பெயருக்கு முன்னால் சூட்டிக்கொண்ட பெரும்போரால் வந்தது. பெரும்போருக்குக் கல்வெட்டும் கலம்பகமும் உண்டு. முந்தானை முடிச்சிலிருந்த நாலணாவை அவிழ்த்தவனுக்குச் சாசனம் ஏது? அவனுடைய சரித்திரம் போலீஸ் குறிப்புகளிலும் நியாயஸ்தலத் தீர்ப்புகளிலும் சிதறிக் கிடக்கிறது. அந்தச் சிதறலையெல்லாம் ஒன்று சேர்த்துப் பார்த்தால், கூட்டத்துக்குள் ஒளிந்தவனை எப்படி இனங்காண்பது என்ற ஒரே கேள்வியை நூற்றைம்பது வருஷமாக அதிகாரிகள் கேட்டுக்கொண்டிருப்பது புலனாகும்.

முதலில், பணம் எங்கே இருந்தது என்பதைப் பார்க்க வேண்டும். அந்தக் காலத்துக் குடியானவருக்குச் சட்டை கிடையாது. வேட்டி மடிப்பில் செருகியோ, துண்டின் முனையில் முடிந்தோ, வெற்றிலைப் பையின் உள்ளறையில் பதுக்கியோ பணத்தைக் கொண்டுபோவார். அவருடைய மனைவியோ முந்தானையில் முடிச்சிட்டோ, சுருக்குப் பையை இடுப்பில் செருகியோ வைத்திருப்பாள். ஆகவே கைதேர்ந்த திருடனுக்கு வெட்டும் வித்தையைவிட அவிழ்க்கும் வித்தையே அவசியமாயிருந்தது. முடிச்சவிழ்க்கி என்று ஜனங்கள் அவனைத் திட்டியது அதனால்தான். தீபத்தையொட்டித் திருவண்ணாமலையில் கூடும் மாட்டுச் சந்தைக்கு வருகிற வியாபாரிகள், பை வைத்துத் தைத்த அகலமான பெல்ட்டை இடுப்பில் இறுக்கி, விலையைக்கூட வாய்விட்டுச் சொல்லாமல், துண்டைப் போர்த்தி அதன் அடியில் விரல் பிடித்துப் பேசி முடிப்பார்கள். எவ்வளவு பணம் கைமாறியது என்று பக்கத்திலிருப்பவனுக்கே தெரியாது. அப்படிப்பட்டவரிடம் கை வைப்பது எளிதன்று. பிற்பாடு சட்டை வந்தது, சட்டையோடு ஜேப்பும் வந்தது. அதற்கும் பிற்பாடு வந்த கால்சட்டையின் பின்பக்கப் பையோ, உடையவன் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், திருடனே தையற்காரனிடம் அளவு கொடுத்துத் தைத்ததுபோல் அமைந்துவிட்டது.

ஸ்திரீகளின் கதை வேறு. அவர்களிடம் திருடுபோவது பெரும்பாலும் பணமன்று, பொன். கும்பாபிஷேகத்தன்று விமானத்தின் மேலே கலசத்தில் தீர்த்தம் வார்க்கிற வேளையைக் கவனித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை வருகிற வைபவம். கருடன் வட்டமிடுகிறதா என்று ஆகாயத்தைத் தேடுகிற கண்கள் ஒரு பக்கம், தெளிக்கப்படும் தீர்த்தத்தில் ஒரு துளியாவது தலையில் விழ வேண்டும் என்று உயர்ந்த கைகள் மறு பக்கம், அந்தத் துளிக்காக முன்னும் பின்னும் நெருக்கித் தள்ளுகிற ஜனம் வேறொரு பக்கம். கை உயர்ந்தால் கழுத்துத் திறந்துவிடுகிறது; எல்லாரும் இடிக்கும்போது எந்த இடி யாருடையது என்பது தெரியாது. தீர்த்தம் தெளித்து முடிந்து, கைகள் இறங்கி, நெஞ்சைத் தொட்டுப் பார்க்கிற போதுதான் தாலிச் சரடு போனது தெரிகிறது. தமிழ்நாட்டில் பெரிய கும்பாபிஷேகம் நடந்த மறுநாள் பத்திரிகையில், விழாச் செய்தியின் அடியிலேயே சங்கிலி பறிபோன செய்தியும் வருவது ஏறக்குறைய வழக்கமாகிவிட்டது.

இதே சாஸ்திரம், விக்டோரியா மகாராணியின் ராஜ்யத்தில், லண்டன் மாநகரத்திலே வேறு வேஷத்தில் நடந்தது. அங்கே அன்று திருடர் கை அதிகம் நாடியது கைக்குட்டையைத்தான் என்பதைக் கேட்டால், ஆரணிப் பட்டுக்குப் பாவு பூட்டுகிற நம் பக்கத்து நெசவாளருக்குக்கூட விநோதமாயிருக்கும். ஆயினும் அது பட்டுக் கைக்குட்டை; அதிலும் மதிப்புள்ளதென்று பேர் வாங்கியது, வங்காளத்துக் காசிம்பஜார் வட்டாரத்திலிருந்து கப்பலேறிப் போன, புள்ளிச் சாயமிட்ட ‘பந்தனா’. இங்கிலாந்தின் நெசவாளரைக் காப்பதற்காக இந்தியச் சாயப் பட்டை உள்நாட்டில் விற்பதையும் உடுப்பதையும் 1701 முதல் அந்த நாட்டார் தடுத்து வைத்திருந்து, 1826இல்தான் தடையை நீக்கினார்கள். தடை இருந்த காலத்திலும் கள்ளத்தனமாக வந்த பந்தனாவுக்குக் கிராக்கி குறையவில்லை. மூக்குப்பொடிப் பிரியரான கனவான்கள், பொடிக்கறை தெரியாத கருஞ்சாயப் பட்டுக் கைக்குட்டையை நீண்ட கோட்டின் பின்வாலிலுள்ள பையில், முனை வெளியே தெரியும்படி செருகிக்கொண்டு திரிந்தார்கள். சிறுவர்கள் அதை உருவினார்கள். டிக்கன்ஸ் 1837 முதல் 1839 வரை தொடராக எழுதிய ‘ஆலிவர் ட்விஸ்ட்’ நாவலில், கிழவன் ஃபாகின் வளர்க்கும் சிறுவர் கூட்டம் கொண்டுவருவது இப்படிப்பட்ட கைக்குட்டைகளைத்தாம். உடையவர் பெயரின் முதலெழுத்தைப் பின்னியிருந்தால், அந்த இழைகளை ஊசியால் பிரித்து எடுத்துவிட வேண்டும் என்பது அவன் கற்பிக்கும் பாடம். ஹோல்பர்ன் அருகிலிருந்த ஃபீல்ட் லேன் என்ற சந்தில், களவுபோன கைக்குட்டைகள் கடைவாசல்தோறும் கழிகளில் வரிசையாகத் தொங்கியது கற்பனையன்று.

அந்த நகரத்தில் ஜனம் கூடுகிற இடங்களும் பலவாயிருந்தன. குதிரைப் பந்தயம், நாடகக் கொட்டகை, ராஜ ஊர்வலம், இவற்றோடு பகிரங்கமாகத் தூக்கிலிடும் இடம். பிக்பாக்கெட் திருட்டுக்கே மரண தண்டனை என்று 1565 முதல் ஒரு சட்டம் இருந்து, சாமுவேல் ராமிலி என்பவருடைய முயற்சியால் 1808இல் அது நீங்கியது. ஒரு திருடன் தூக்கில் தொங்குவதைக் காணக் கூடிய ஜனத்தினிடையே வேறு திருடர்கள் ஜேப்படித்துக்கொண்டிருந்தார்கள் என்றும், கயிறு இறுகும் அந்தக் கணமே அவர்களுக்கு மிக உகந்ததாயிருந்தது என்றும் அக்காலத்தவர் எழுதி வைத்திருக்கிறார்கள். தண்டனையைக் கண்டு ஜனங்கள் நடுங்கித் திருந்துவார்கள் என்று எண்ணி மேடை போட்டவர்கள், திருடனுக்குத் தேவையான இடத்தையும் காலத்தையும் முன்கூட்டியே அறிவித்து ஏற்பாடு செய்துகொடுத்ததாகவே முடிந்தது. 1868 மே 26ஆம் தேதியோடு இங்கிலாந்தில் பகிரங்கத் தூக்கு ஒழிந்தது. 1851இல் ஹைட் பார்க்கில் கண்ணாடி மாளிகை கட்டி உலகப் பொருட்காட்சி நடத்தியபோது, ஐரோப்பாவின் திருடரெல்லாம் லண்டனில் வந்து குவிவார்கள் என்று பத்திரிகைகள் பீதி கிளப்பின. ஆனால் அறுபது லட்சம் பேர் வந்து போன அந்த இடத்தில், போலீஸ் காவல் பலமாயிருந்ததாலோ, பார்க்க வேண்டிய பொருள்கள் ஏராளமாக இருந்ததால் கவனம் ஒன்றில் குவியாமல் சிதறியதாலோ, அஞ்சிய அளவுக்கு ஒன்றும் நிகழவில்லை. இரண்டாவது காரணமே எனக்குப் பொருத்தமாகத் தோன்றுகிறது.

தொழில் முறையில் லண்டனுக்கும் நமக்கும் பேதம் சொற்பம். கைகாரன் தனியே வருவதில்லை. ஒருவன் முன்னே நின்று வழியை மறிக்கிறான், அல்லது தடுமாறி மேலே விழுகிறான். பணத்துக்கு உடையவர் இவனிடம் கோபித்துக்கொண்டிருக்கும்போது இரண்டாமவன் விரல் வேலை செய்கிறது. வேலை முடிந்த மறுகணம் பொருள் மூன்றாமவன் கைக்கு மாறி, அவன் எதிர்த் திசையில் நடந்துவிடுகிறான். இரண்டாமவனைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டோம் என்று நினைப்பவர் சோதித்தால் அவனிடம் ஒன்றும் இராது. மேலே போர்த்த துண்டு, மடித்த செய்தித்தாள், தூங்கும் குழந்தை, இவற்றில் ஏதேனும் ஒன்று விரலை மறைக்கும். சட்டையில் ஏதோ அசிங்கம் பட்டிருக்கிறது என்று அன்போடு துடைக்க வருவது, காலடியில் பத்து ரூபாய் நோட்டுகளைச் சிதறவிட்டு ‘ஐயா, உங்கள் பணமா பாருங்கள்’ என்று கேட்பது, பாதி பிளேடை விரலிடுக்கில் ஒளித்துப் பையின் அடியைக் கிழிப்பது ஆகியவையெல்லாம் நம் பஸ் நிலையங்களில் பழைய சரக்கு.

ரயில் வந்ததும் இந்தத் தொழிலுக்கு ஒரு விசாலம் கிடைத்தது. 1856 ஜூலை 1ஆம் தேதி ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி ஓடத் தொடங்கியபின், முன்பு கால்நடையாகவும் வண்டி கட்டியும் பல நாள் பயணம் செய்து உற்சவத்துக்குப் போனவர்கள் மூன்றாம் வகுப்பில் நெருக்கியடித்துக்கொண்டு போனார்கள். திருடனும் டிக்கெட் வாங்கினான். காலையில் ஒரு ஊர்த் திருவிழா, மாலையில் வேறொரு ஜில்லா. ரயில் திருடர்களைப் பற்றி மட்டுமே ஒரு தனிப் புஸ்தகம் எழுத வேண்டிய அவசியம் சென்னை ராஜதானியின் ரயில்வே போலீஸ் அதிகாரி பாப்பா ராவ் நாயுடுவுக்கு ஏற்பட்டது.

இங்கேதான் பழைய கேள்வி கடுமையாகிறது. பிடிபட்டவன் யார்? 1862 ஜனவரி 1 முதல் அமலுக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம் சாதாரணத் திருட்டுக்கு அதிகபட்சம் 3 வருஷச் சிறை விதித்தது. 1864ஆம் வருஷத்துச் சட்டப்படி சிறைக்குப் பதிலாகச் சவுக்கடியும் கொடுக்கலாம், அந்த வழக்கம் 1955இல்தான் ஒழிந்தது. ஆனால் அதே தண்டனைச் சட்டத்தின் 75ஆம் பிரிவோ, முன்பே தண்டனை பெற்றவன் மறுபடியும் அகப்பட்டால் ஆயுள் தண்டனை வரைக்கும் இடந்தந்தது. ஆகவே புத்தியுள்ள திருடன் ஊருக்கொரு பெயர் சொன்னான். வேலூரில் முனியன், விழுப்புரத்தில் கோவிந்தன் என்று சொல்லிவிட்டால், எந்த மாஜிஸ்திரேட் முன்னாலும் அவன் முதல் குற்றவாளிதான்.

இந்தத் தந்திரத்தை முறியடித்த கருவி நம் நாட்டில் பிறந்தது. வங்காள போலீஸ் தலைவராயிருந்த எட்வர்ட் ஹென்றி, அஜீசுல் ஹக், ஹேமச்சந்திர போஸ் என்னும் இரண்டு இந்திய அதிகாரிகளின் மூளை உழைப்பைக்கொண்டு விரல் ரேகைகளை வகைப்படுத்தும் முறையை உருவாக்கி, 1897இல் கல்கத்தாவில் அதற்கென ஒரு காரியாலயத்தை ஏற்படுத்தினார். 1901இல் அவர் லண்டன் ஸ்காட்லாந்து யார்டுக்கு மாறிப் போக, ரேகையும் உடன் போயிற்று. அதன் முதல் பெரும் பரீட்சை நடந்ததும் ஒரு ஜனக் கூட்டத்திலேதான். 1902இல் எப்சம் டெர்பி குதிரைப் பந்தயத்தன்று கைதான 54 பேருடைய ரேகைகளை எடுத்து இரவோடு இரவாக ஒப்பிட்டுப் பார்த்ததில், 29 பேர் பழைய குற்றவாளிகள் என்று தெரிந்தது. அவர்களில் ஒருவன் தன்னைக் கிளாஸ்டர் ஊர்க் கிரீன் என்று சொல்லிக்கொண்டு நின்றான். ரேகையோ அவன் பர்மிங்காம் பெஞ்சமின் பிரவுன் என்றும், பத்து முறை தண்டனை அனுபவித்தவன் என்றும் சொல்லிற்று. ஹக்குக்கும் போஸுக்கும் உரிய பெருமை அந்த முறையின் பெயரில் ஒட்டவில்லை; அது ஹென்றி முறை என்றே வழங்குகிறது. அதையும் ஒரு விதமான ஜேப்படி என்று சொன்னால் என்மேல் வழக்கு வராது என்று நம்புகிறேன்.

ஆனால் தனி மனிதனை இனங்காண வந்த அந்த ரேகை, நம் நாட்டில் சமூகம் சமூகமாக மனிதர்களைக் கட்டிப்போடவும் உபயோகப்பட்டது என்பதைச் சொல்லாமல் மேலே போவது நேர்மையாகாது. 1871இல் வடக்கே பிறந்து, 1911ஆம் வருஷத்துச் சட்டத்தின் மூலம் சென்னை ராஜதானிக்கும் வந்த குற்றப் பரம்பரைச் சட்டம், இன்ன ஜாதியில் பிறந்தவன் திருடன் என்று, அவன் எதையும் தொடுமுன்பே தீர்மானித்துவிட்டது. ஊர் எல்லையைத் தாண்ட அனுமதிச் சீட்டு, இரவில் போலீஸ் கண்காணிப்பில் படுக்கை, பெயர்ப் பதிவோடு பத்து விரல் ரேகை. தமிழ் ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். மதுரை ஜில்லாவில் பெருங்காமநல்லூரில் ரேகை வைக்க மறுத்த மக்கள்மீது 1920 ஏப்ரல் 3ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிப் பிரயோகம் செய்து பலர் மாண்டார்கள். சென்னையில் 1947இலும் நாடு முழுதும் 1952இலும் சட்டம் தொலைந்தது. ஆனாலும் திருவிழாக் காலத்தில் சந்தேகத்தின்பேரில் முன்கூட்டியே யாரை அள்ளிக்கொண்டு போவது என்ற கணக்கில் அதன் நிழல் இன்னும் முழுதும் விலகவில்லை. பொற்கொல்லன் அடுக்கிய களவு நூலைக் கேட்டுத்தான் கோவலனை வெட்டினார்கள் என்பதையும், வெட்டுண்டவன் கள்வன் அல்லன் என்பதையும், கூட்டத்தில் ‘திருடன், திருடன்’ என்ற கூச்சலைக் கேட்டு அகப்பட்டவனை மின் கம்பத்தில் கட்டிவைத்து அடிக்கிற நம்மவர்களும் கொஞ்சம் ஞாபகம் வைக்கலாம். மூன்றாமவன் அப்போது அடுத்த பஸ்ஸில் ஏறியிருப்பான்.

இப்போதைய ஏற்பாடுகள் வேறு விதமானவை. தீபத்துக்கும், பௌர்ணமிதோறும் பதினான்கு கிலோமீட்டர் கிரிவலப் பாதையில் நடக்கும் கூட்டத்துக்கும், கண்காணிப்புக் கேமராக்கள், கோபுரம் போன்ற தற்காலிகப் பரண்கள், வேறு மாவட்டங்களிலிருந்து அழைக்கப்பட்ட குற்றப்பிரிவுப் போலீஸார், ஓயாத ஒலிபெருக்கி. இவற்றையெல்லாம்விட என்னைக் கவர்ந்தது, பல ஊர்களில் திருவிழாக் காலத்தில் பெண் போலீஸார் கூட்டத்துக்குள் நடந்து, வருகிற பெண்களிடம் ஊக்கு கொடுத்து, சங்கிலியை ரவிக்கையோடு சேர்த்துக் குத்திக்கொள்ளச் சொல்லும் வழக்கம். அமெரிக்கர் வால்டர் ஹன்ட் 1849இல் உரிமை பெற்ற அந்தச் சிறு கம்பி, அறுக்கிறவனைத் தடுத்துவிடாது. ஆனால் இழுக்கும்போது ரவிக்கையும் சேர்ந்து இழுபடுவதால், மலைமேல் போயிருந்த பெண்ணின் கவனம் சட்டென்று கழுத்துக்குத் திரும்பிவிடுகிறது. வேண்டியது அவ்வளவே.

பொருளும் மாறிவிட்டது. மணிபர்ஸைவிடக் கைப்பேசியே இன்று திருவிழாத் திருடனின் இலக்கு. அதில் ஒரு சங்கடம் அவனுக்கு உண்டு: ஒவ்வொரு கைப்பேசிக்கும் 15 இலக்க எண் ஒன்று இருப்பதால், போலீஸில் புகார் எழுதி அந்த ரசீதோடு மத்திய அரசின் ‘சஞ்சார் சாத்தி’ தளத்தில் பதிவு செய்தால், நாட்டில் எந்தக் கம்பெனியின் சிம்மைப் போட்டாலும் அது வேலை செய்யாது, மறுபடி உயிர்ப்பித்தால் இருக்குமிடம் தெரிந்துவிடும். எண்ணை முன்பே ஒரு காகிதத்தில் குறித்து வீட்டில் வைத்திருப்பவர் மிகச் சிலரே; பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டையும் தூக்கி எறிந்துவிடுகிறோம்.

சட்டமும் 2024 ஜூலை 1 முதல் புதிதாயிற்று. பாரதிய நியாய சம்ஹிதையின்படி, ஐயாயிரம் ரூபாய்க்குக் குறைந்த பொருளை முதல் தடவை திருடியவன் அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டால், சவுக்கடியும் இல்லை, சிறையும் இல்லை. சமூக சேவைதான் தண்டனை. கும்பலாகச் சேர்ந்து இத்தொழில் நடத்துபவர்க்கோ 112ஆம் பிரிவின்கீழ் ஓராண்டுக்குக் குறையாமல் ஏழாண்டு வரை சிறை. பிக்பாக்கெட் என்பதை அந்தப் பிரிவு பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. மூன்று பேர் சேர்ந்தால்தான் காரியம் நடக்கும் என்ற தொழில் ரகசியத்தைச் சட்டமும் தனியே எழுதிக்கொண்டது.

மாறாதது ஒன்று உண்டு. அடுத்தவன் பைக்குள் கைவிட்டவனுக்கு உள்ளே ஒன்றும் அகப்படாவிட்டால் அது குற்றமா? இந்தக் கேள்வியை 1864இல் விசாரித்த இங்கிலாந்து நீதிபதிகள், இல்லாத பொருளைத் திருட முயல்வது குற்றமாகாது என்று, கூட்டத்தில் ஒரு ஸ்திரீயின் பைக்குள் கை நுழைத்த காலின்ஸ் என்பவனை விடுவித்துவிட்டார்கள். அது தவறு என்று 1892இல் வேறொரு வழக்கில் தீர்மானிக்க அவர்களுக்கு இருபத்தெட்டு வருஷம் பிடித்தது. நம்மை ஆள்வதற்காக அதே இங்கிலீஷ்காரர்கள் எழுதிய 1860ஆம் வருஷத்துத் தண்டனைச் சட்டமோ, 511ஆம் பிரிவின் கீழ், வெறும் பைக்குள் கைவிட்டவனும் குற்றவாளியே என்று உதாரணம் காட்டியே முடிவு கட்டிவிட்டது. தண்டனை, திருட்டுக்குரிய உச்சத்தில் பாதி. அந்த உதாரணம் புதிய சட்டத்தின் 62ஆம் பிரிவில் எழுத்து மாறாமல் குடியேறியிருக்கிறது. பூக்கடையிலும் பொரிக் கடையிலும் கைப்பேசியைக் காட்டியே கணக்குத் தீர்த்துவிட்டு, சட்டைப் பையில் ஒரு ரூபாயும் இல்லாமல் தேர் பார்க்க வருகிற வாலிபர்கள் பெருகிவிட்ட இந்நாளில், அதற்கு இனி வேலை அதிகம்.